பாட்டைச் சுரப்படுத்தும் கணினி

(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இசையையும் பற்றியது, கணினியையும் பற்றியது. இளைஞர்களுக்குக் கணினியிலே விருப்பம்; பெரியோர்களுக்கு இசையிலே விருப்பம். ஆகவே இரு சாராரும் பொறுமையோடு கேட்பீர்கள் என்று நம்புகின்றேன்.

ஒருவர் பாடிய பாட்டு ஒலிப்பதிவாக நம்மிடம் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். பாடியவர் காலமாகிவிட்டார். அவரிடம் நேரே இருந்து பாடம் கேட்டவர்களும் ஒருவர் இருவராய்க் குறைந்து வருகின்றனர். அந்தப் பாட்டை ஒலிநாடாவிலிருந்து எடுத்து, சுரமும் தாளமும் அமைத்துத் தாளிலே எழுதி வைத்தால் பின்வரும் பிள்ளைகள் அதனை முறையாகப் பயில்வார்கள். இந்த வேலையைச் செய்வது யார்? முன்னாளில் இக்கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது. நல்ல செவியும் நெடுநாட் பயிற்சியும் உடைய வித்துவான் ஒருவரே அதனைச் செய்யவேண்டும் என்பதே அவ்விடை. இன்றோ இன்னொரு விடையும் கேட்கின்றது. "கணினியிலே போட்டால் அது எழுதித் தந்துவிடுமே!" என்கிறார்கள் நம் இளைஞர்கள். இந்த இரண்டாவது விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வதே என் நோக்கம்.

முதலில் செவியால் எழுதியவர்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். எட்டையபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டில் "சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி" என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒலிப்பதிவு எதுவும் அவருக்குத் துணை நிற்கவில்லை. குடும்பத்திலே வழிவழியாகக் கேட்டுப் பாடம்பண்ணிய கீர்த்தனைகளை அவர் சுரப்படுத்தினார். வெறுமனே ஸ ரி க ம என்று எழுதிவிட்டால் பாட்டின் உயிர் தாளில் ஏறாது என்பது அவருக்குத் தெரியும். ஆதலால் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்கள் வகுத்து, அவற்றைச் சுரங்களோடு சேர்த்து எழுதினார். சுரம் ஒன்று, அது அசையும் விதம் மற்றொன்று என்பதை அச்சிலே காட்டிய பெருமை அந்நூலுக்கு உண்டு.

ஐரோப்பாவிலே இதே வேலையை வேறொரு வழியிற் செய்தவர் ஹங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்ட்டொக். எடிசன் 1877இல் கண்டுபிடித்த ஒலிப்பதிவுப் பொறி பின்னாளில் கையிலே கொண்டுசெல்லத்தக்க பெட்டியாக வந்தபோது, பார்ட்டொக்கும் அவர் நண்பர் கொடாயும் அதனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, குடியானவர்களின் பாடல்களை மெழுகு உருளைகளிலே பதிந்தனர். வாழ்நாளின் இறுதியில் பார்ட்டொக் அமெரிக்கா சென்று, 1941, 1942ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலே வேலை செய்தார். மில்மன் பாரி என்னும் அறிஞர் 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியாவில் அலுமினியத் தட்டுகளிலே பதிந்த பாடல்களைக் கேட்டு எழுதுவதே அவ்வேலை. அவ்வாறு எழுதிய 75 பாடல்கள், அவர் காலமாகி ஆறு ஆண்டுகளின் பின், 1951இல் நூலாக வெளிவந்தன. அந்நூலைப் பார்த்தால் ஒவ்வொரு குழைவையும் நடுக்கத்தையும் சிறிய குறிகளால் அவர் எழுதியிருப்பது தெரியும். கேட்டுக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, அழித்து அழித்து எழுதும் உழைப்பு அது. இன்று கணினி சுருக்கித் தர முன்வந்திருப்பது அந்த உழைப்பையே.

நல்ல செவியுள்ள இருவர் ஒரே பாட்டைக் கேட்டால் ஒரேவிதமாக எழுதுவார்களா? இக்கேள்விக்கு 1964ஆம் ஆண்டிலே ஒரு சோதனை விடை தந்தது. ஆபிரிக்காவின் தென்பகுதியில் வாழும் ஹுக்வே மக்களுள் ஒருவர் வில்யாழ் போன்ற கருவியோடு பாடிய பாட்டொன்றை நான்கு அறிஞர்கள் தனித்தனியே கேட்டு எழுதினர். நால்வரும் அத்துறையிலே தேர்ந்தவர்கள். அமெரிக்க இனவிசையியற் சங்கத்தின் சஞ்சிகை நால்வர் எழுதியவற்றையும் ஒருங்கே வெளியிட்டது. ஒன்றைப்போல் ஒன்று இல்லை! ஒருவர் ஒருவிதமாகத் தாளத்தைப் பிரித்தார். மற்றவர் வேறுவிதமாகப் பிரித்தார். நால்வருள் எவரும் தவறு செய்தார் என்று சொல்ல முடியாது. கேட்பது வேறு, கேட்டதை இன்னதென்று முடிவுசெய்வது வேறு. எழுதுவோன் ஒவ்வொரு கணமும் முடிவு செய்துகொண்டே எழுதுகிறான்.

இதை நன்கு உணர்ந்தவர் சார்ள்ஸ் சீகர் என்னும் அமெரிக்க அறிஞர். 1958இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றிலே இசையை எழுதுவதில் இருவகை உண்டு என்று பிரித்துக் காட்டினார். இப்படிப் பாடுக என்று சொல்வதற்காக எழுதுவது ஒருவகை. இப்படிப் பாடப்பட்டது என்று காட்டுவதற்காக எழுதுவது மற்றொரு வகை. நம் இசை ஆசிரியர் கொப்பியிலே எழுதித் தரும் சுரவரிசை முதல்வகையைச் சேர்ந்தது. அதிலே எல்லாம் இல்லை. எஞ்சியது ஆசிரியர் வாயிலிருந்து வரும். இரண்டாம் வகைக்குக் கையெழுத்துப் போதாதென்று கருதிய சீகர், பாடும் குரலின் ஏற்ற இறக்கத்தைத் தானாகவே கோடாக வரையும் பொறி ஒன்றை அமைப்பதில் ஈடுபட்டார். அதற்கு "மெலோகிராப்" என்று பெயர். இன்றைய மென்பொருள்கள் அந்தப் பொறியின் வழிவந்தவை. இந்த இருவகையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கணினி எவ்வாறு கேட்கின்றது என்று பார்ப்போம். நாம் பாடும்போது காற்று அதிர்கின்றது. ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கின்றதோ அந்த எண்ணிக்கையை மீடிறன் என்பர். அதனை ஹேர்ட்ஸ் என்னும் அலகால் அளப்பர். ஆண்குரல் ஒன்று ஒரு கட்டைச் சுருதியிலே ஆதார ஷட்ஜத்தைப் பாடினால் ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ் இருக்கும். அதன் பஞ்சமம் ஒன்றரை மடங்கு, அதாவது 196 ஹேர்ட்ஸ். மேல் ஷட்ஜம் இரண்டு மடங்கு, 262 ஹேர்ட்ஸ். சுரங்களை இவ்வாறு எண்ணால் ஆராய்வது நமக்குப் புதிதன்று. மட்டக்களப்பு மண் தந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானமும் கணிதமும் கற்ற அறிவைக்கொண்டு பழைய யாழ்களின் நரம்புகளைக் கணக்கிட்டு எழுதிய "யாழ் நூல்" 1947இல் வெளிவந்ததை இந்தச் சபை அறியும்.

ஒலிப்பதிவு கணினிக்குள்ளே எண்களாக இருக்கின்றது. ஓர் இறுவட்டிலே ஒவ்வொரு செக்கனுக்கும் 44,100 எண்கள் உண்டு. அந்த எண்களில் இருந்து மீடிறனைக் காண்பது எப்படி? ஒரு வழி மிக எளிது. 220 ஹேர்ட்ஸில் ஒலிக்கும் குரலின் அலை ஏறத்தாழ நாலரை மில்லிசெக்கனுக்கு ஒருமுறை தன்னைப்போலவே திரும்ப வரும். அந்த அலையின் பிரதி ஒன்றை எடுத்து, மூல அலையின்மேல் வைத்து, சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே போனால், நாலரை மில்லிசெக்கன் நகர்ந்ததும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். பொருந்திய இடத்தைக் கண்டால் மீடிறன் தெரிந்துவிடும். இந்த முறையைத் திருத்தி, பிழைகளைக் குறைத்து, டி செவெய்ன்யே, கவஹாரா என்னும் இருவர் 2002இல் "யின்" என்னும் பெயரோடு வெளியிட்டனர். இன்று வழங்கும் பல மென்பொருள்களுக்கு அதுவே அடிப்படை.

இதிலே ஒரு சங்கடம் உண்டு. நாலரை மில்லிசெக்கனிற் பொருந்தும் அலை, ஒன்பது மில்லிசெக்கனிலும் பொருந்துமல்லவா? அப்போது கணினி 220 என்று சொல்லவேண்டிய இடத்தில் 110 என்று சொல்லிவிடும். பாட்டு மத்திய ஸ்தாயியில் ஓடிக்கொண்டிருக்க, வரைபிலே கோடு திடீரென்று மந்தர ஸ்தாயிக்குத் தாவும். சில வேளைகளில் குரலோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்றொனியை அசற் சுரமென்று எண்ணி மேல் ஸ்தாயிக்கும் தாவும். ஒரு சிறு பிள்ளை கேட்டாலும் இது பிழை என்று சொல்லிவிடும். ஆனால் கணினிக்குத் தெரியாது. 2014இல் மோச், டிக்சன் என்பவர்கள் இதே முறையைப் புதுக்கி, ஒரு விடைக்குப் பதிலாகப் பல விடைகளை நிறுத்திப் பார்த்து, முன்பின் ஓட்டத்தோடு பொருந்துவதைத் தெரிவு செய்யும்படி செய்தனர். தாவல்கள் குறைந்தன, முற்றாக ஒழியவில்லை.

கோடு வரைந்தாயிற்று. அடுத்து அந்தக் கோட்டைச் சுரமாக்கவேண்டும். இங்கேதான் மெய்யான பிரச்சினை தொடங்குகின்றது. 1885ஆம் ஆண்டிலே அலெக்சாந்தர் எல்லிஸ் என்னும் ஆங்கில அறிஞர் பல நாட்டு இசைகளை ஒப்பிடுவதற்காக ஓர் அளவுகோலை வகுத்தார். ஒரு ஸ்தாயியை 1,200 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் "சென்ற்" என்றார். பியானோவிலே அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ற். இந்த அளவிலே ஷட்ஜம் பூச்சியமானால் சுத்த ரிஷபம் 100ஐ அடுத்தும், சாதாரண காந்தாரம் 300ஐ அடுத்தும், சுத்த மத்திமம் 500ஐ அடுத்தும் நிற்கும். மேலைநாட்டு மென்பொருள் பெரும்பாலும் என்ன செய்கின்றது? கோடு எந்த நூற்றுக்கு அருகில் இருக்கின்றதோ அந்தச் சுரத்தை எழுதிவிடுகின்றது.

பியானோவுக்கு இது நன்றாகப் பொருந்தும். பியானோவிலே ஒரு கட்டையை அழுத்தினால் அச்சுரம் பிறந்த இடத்திலே நிற்கும், வளையாது, அசையாது. மேலும் 2018இல் வெளியிடப்பட்ட "மேஸ்ட்ரோ" என்னும் தொகுதியிலே ஏறத்தாழ 200 மணிநேரப் பியானோ வாசிப்பு இருக்கின்றது. எந்தக் கட்டை எந்தக் கணத்தில் அழுத்தப்பட்டது என்பதையும் அந்தப் பியானோவே பதிந்து வைத்திருக்கின்றது. வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்ததைப்போல, அதைக்கொண்டு கணினியைப் பழக்கினார்கள். ஆகையாற் பியானோவைக் கேட்டு எழுதுவதிலே இன்றைய கணினி வியக்கத்தக்க திறமை பெற்றுவிட்டது.

நம் இசைக்கு வருவோம். தோடி இராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோடியின் காந்தாரத்தை நம் வித்துவான்கள் எப்படிப் பாடுகின்றார்கள்? 300 சென்றிலே அசையாமல் நிறுத்தியா பாடுகின்றார்கள்? அப்படிப் பாடினால் அது தோடியே அன்று. ரிஷபத்தின் அருகிலிருந்து மத்திமத்தின் அருகுவரை போய்வந்து அசைக்கின்றார்கள். அந்த அசைவு முழுவதுமே காந்தாரம். கணினி வரையும் கோட்டைப் பார்த்தால் காந்தாரத்துக்குரிய 300இலே கோடு நிற்பதில்லை. அதைக் கடந்து போகின்றது, கடந்து வருகின்றது. அருகிலுள்ள நூற்றைத் தேடும் மென்பொருள் அங்கே "ரி ம ரி ம" என்று எழுதும். கணினி பொய் சொல்லவில்லை. ஒலி அங்கெல்லாம் போனது உண்மை. ஆயினும் பாடியவர் மனத்திலும் கேட்டவர் மனத்திலும் இருந்தது "க" என்ற ஒரே சுரம். சீகர் பிரித்த இருவகையையும் நினைவுகூருங்கள். எப்படி ஒலித்தது என்ற கேள்விக்குக் கணினியின் கோடு விடை; எதைப் பாடினார் என்ற கேள்விக்கு இராகம் அறிந்தவர் செவியே விடை.

இன்னொன்று. ஆதார சுருதி எது என்று தெரியாவிட்டால் எந்த எண்ணும் சுரமாகாது. 196 ஹேர்ட்ஸ் ஒரு கட்டையிற் பாடுபவருக்குப் பஞ்சமம். ஐந்து கட்டையிற் பாடுபவருக்கு அதுவே ஷட்ஜம். பழைய ஒலிநாடாக்களிலே இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். நாடா நூற்றுக்கு ஆறு வீதம் விரைவாக ஓடினாற் பாட்டு முழுவதும் அரைக்கட்டை ஏறிவிடும். ஆகவே எண்ணை நம்பாமல், தம்புராவும் சுருதிப்பெட்டியும் காட்டும் ஆதாரத்தை முதலிற் கண்டுபிடித்து, அதிலிருந்தே மற்றவற்றை அளக்கவேண்டும்.

கச்சேரிப் பதிவு என்றாலோ இன்னும் கடினம். பின்னாலே தம்புரா இடைவிடாது ஒலிக்கின்றது. மிருதங்கமும் சுருதி சேர்ந்தே ஒலிக்கின்றது. வயலின் வித்துவான் பாடகரின் குரலை நிழல்போல் ஒரு கணம் பின்னால் தொடர்ந்து, அதே சுரங்களை வாசிக்கின்றார். குரலும் வயலினும் ஒரே இடத்திலே பின்னிக் கிடக்கும்போது எது குரல், எது வயலின் என்று கணினி தடுமாறுகின்றது. நமக்குத் தடுமாற்றம் இல்லை. ஏனெனில் நாம் பாடுபவரின் சொல்லைக் கேட்கின்றோம், மூச்சைக் கேட்கின்றோம், அடுத்து எங்கே போவார் என்பதையும் எதிர்பார்க்கின்றோம்.

இந்தக் குறைகளை மேலைநாட்டு ஆராய்ச்சியாளர் உணராமல் இருக்கவில்லை. ஸ்பானிய நாட்டின் பார்சிலோனா நகரிலுள்ள பொம்பேயு பப்ரா பல்கலைக்கழகத்திலே சேவியர் செரா என்பவரின் தலைமையில் 2011 முதல் 2017 வரை "கொம்ப்மியூசிக்" என்னும் பெருந்திட்டம் நடைபெற்றது. ஐரோப்பிய ஆராய்ச்சிச் சபை அதற்குப் பணம் உதவியது. கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை, துருக்கிய மகாம், அரபு அந்தலூசிய இசை, பீக்கிங் இசைநாடகம் ஆகிய ஐந்தையும் அவ்வவ் இசையின் இலக்கணத்தைக்கொண்டே கணினி ஆராயவேண்டும் என்பது அதன் கொள்கை. சென்னை ஐ.ஐ.டி. நிறுவனத்தாரும் அதிலே பங்கு கொண்டனர். தம்புராவைக் கேட்டு ஆதார சுருதியைக் கண்டுபிடிப்பது, ஓர் இராகத்திற்குரிய சொற்கட்டுப் போன்ற சஞ்சாரங்களைப் பல பதிவுகளில் தேடி எடுப்பது முதலியன அங்கே நடந்த வேலைகள். ஒரே அளவுகோலால் எல்லா நாட்டு இசையையும் அளந்துவிடலாம் என்னும் எண்ணத்தை அறிஞர்களே கைவிட்டார்கள் என்பது நாம் கவனிக்கத்தக்கது.

"அப்படியானால் கணினியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று இளைஞர் ஒருவர் கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. கணினி செய்யும் உதவி பெரிது. முன்னாளில் இசைத்தட்டின் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். குரல் குரலாகக் கேட்காது. இன்று சுருதி மாறாமலே வேகத்தைப் பாதியாக்கலாம், காலாக்கலாம். ஒரே பிருகாவை நூறு தடவை கேட்கலாம், கணினி அலுத்துக்கொள்ளாது. இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தார் ஆக்கிய "சொனிக் விசுவலைசர்" என்னும் மென்பொருளை எவரும் பணமின்றிப் பெறலாம். அங்கிருந்தே 2015இல் வெளிவந்த "ரோனி" என்னும் மென்பொருள், தனிக்குரலின் கோட்டை வரைந்து, சுரங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் காட்டுகின்றது. காட்டிவிட்டு, "பிழை இருந்தால் திருத்து" என்று நம் கையிலே தருகின்றது. அதனை ஆக்கியவர்களே கணினி பிழை செய்யும் என்று முன்கூட்டி ஒப்புக்கொண்டு, மனிதன் திருத்துவதற்கு வசதி செய்து வைத்திருக்கின்றார்கள். யேர்மனியின் மியூனிச் நகரத்தார் 2001இல் வெளியிட்ட "மெலோடைன்" விலைக்கு வருவது. 2022இல் ஸ்பொட்டிபை நிறுவனத்தார் வெளியிட்ட "பேசிக் பிற்ச்" இலவசமாகக் கிடைப்பது. சுரம் வளைவதையும் அது ஓரளவு குறித்துக்கொள்கின்றது. கருவிகளுக்குக் குறைவில்லை.

குறைவு வேறிடத்திலே இருக்கின்றது. அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

நம் வீடுகளிலும் கோயில்களிலும் மன்றங்களிலும் கசெற் ஒலிநாடாக்கள் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கசெற் 1963இலே உலகுக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகளாக நம்மவர்கள் திருவிழா நாதஸ்வரக் கச்சேரிகளையும், பெரியவர்கள் பாடிய பண்களையும், அண்ணாவிமார் பாடிய கூத்துப் பாடல்களையும் அதிலே பதிந்தார்கள். நாடாவின் மேற்பூச்சு நாளடைவில் உதிர்கின்றது, நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை, பூஞ்சணமும் பிடிக்கின்றது. அதை ஓட்டும் பொறியும் இன்று அரிதாகிவிட்டது. இது ஒரு பக்கத்து நஷ்டம். அதைக் கணினியிலே ஏற்றிக் காப்பாற்றிவிடலாம். மறுபக்கத்து நஷ்டத்தைக் கணினியால் ஈடுசெய்ய முடியாது. அந்தப் பாட்டைக் கேட்டவுடன் "தம்பி, இது இன்ன இராகம், இந்த இடத்தில் அவர் வழக்கமாக இப்படித்தான் இறங்குவார், இது கமகம், இது அன்றைக்குத் தொண்டை கட்டியதால் வந்த பிசிறு" என்று பிரித்துச் சொல்லத்தக்க பெரியவர்கள் இப்போது நம்மிடையே இருக்கின்றார்கள். நாடா உதிர்வதற்கு முன்னமே அவர்கள் விடைபெற்றுவிடலாம். அவர்கள் சென்றபின் நாடா மாத்திரம் எஞ்சினால், நமக்குக் கோடு இருக்கும்; சுரம் இராது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. சோம்பல் காரணமாக, கணினி எழுதியதை அப்படியே அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? வாய்ப்பாடத்திலே பிழை வந்தால் அடுத்த நாள் ஆசிரியர் திருத்துவார். அச்சிலே ஏறிய பிழைக்கு ஆசிரியரையும்விட மதிப்பு வந்துவிடும். "புத்தகத்தில் இப்படித்தானே இருக்கின்றது!" என்று மாணவன் சொல்வான். அவன் மாணவனுக்கும் அதையே சொல்லிக்கொடுப்பான். "ரி ம ரி ம" என்று எழுதியதைப் பார்த்து ரிஷபத்தையும் மத்திமத்தையும் தனித்தனியே தட்டிப் பாடும் ஒரு தோடி உண்டாகும். இரண்டு தலைமுறை போனபின், அதுவே பரம்பரைப் பாடம் என்று வாதாடவும் ஆள் வருவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பிழையான ஏட்டுச் சுரைக்காய் உதவாமற் போவதோடு நில்லாது. தோட்டத்துச் சுரைக்கொடியையும் பட்டுப்போகச் செய்துவிடும்.

ஆகையால் இந்த வேலையில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில முறைகளைக் கூறுகின்றேன். முதலாவது, ஒலிநாடாவைக் கணினியில் ஏற்றும்போது ஒலியை அமுக்கிச் சுருக்காத முழுக் கோப்பாக ஏற்றுங்கள். அந்த மூலக் கோப்பிலே எந்தத் திருத்தமும் செய்யாமல் இரண்டு மூன்று இடங்களிலே பாதுகாத்து வையுங்கள். பாடியவர் பெயர், பாடிய இடம், நாள் ஆகியவற்றையும், பாடியவரோ அவர் குடும்பத்தாரோ தந்த சம்மதத்தையும் குறித்து வையுங்கள். இரண்டாவது, ஆதார சுருதியை முதலிற் காணுங்கள். மூன்றாவது, கோட்டைப் பார்க்குமுன் பாட்டைப் பத்துத் தடவையாவது கேட்டு, சுரத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். அதன்பின் கணினியின் கோட்டோடு ஒப்பிடுங்கள். முதலிலே கோட்டைப் பார்த்துவிட்டாற் கண் செவியை அடக்கிவிடும். கேளாத சுரத்தையும் கேட்டதாகத் தோன்றும். நான்காவது, எழுதியதைப் பார்த்துப் பாடுங்கள். பாடியது பதிவைப்போல் இல்லையென்றால் எழுத்திலே ஏதோ விடுபட்டிருக்கின்றது. ஐந்தாவது, இராகம் அறிந்த பெரியவர் ஒருவருக்குப் பாடிக்காட்டி, அவர் தலையசைத்த பின்னரே அச்சுக்குக் கொடுங்கள். ஐயமான இடங்களிலே ஐயம் என்று அடையாளம் இடுவது எழுதுவோனுக்கு இழுக்கு அன்று, பின்வருவோருக்கு உதவி.

தொடங்குவதற்குக் கச்சேரிப் பதிவை எடுக்கவேண்டாம். நீங்கள் கற்ற மாயாமாளவகௌளை சரளி வரிசையையே பாடிப் பதிந்து, கணினியிலே போட்டுப் பாருங்கள். நேரான சுரம் என்று எண்ணிப் பாடியவற்றிலே எத்தனை வளைவு இருக்கின்றதென்று கண்டு வியப்பீர்கள். உங்கள் சுருதி எங்கே இறங்குகின்றது என்பதையும் அது தயவுதாட்சணியமின்றிக் காட்டும். இந்த ஒன்றுக்காகவே சாதகம் செய்யும் மாணவருக்குக் கணினி நல்ல கண்ணாடி என்பேன்.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்கள் காலத்திலே கேள்வி ஞானந்தான்; பொறி எதற்கு?" என்று சொல்லி ஒதுங்கிவிடாதீர்கள். கேள்வி ஞானத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதற்குக் கேட்பவர் அருகிலே இருக்கவேண்டும். இன்றோ நம் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் சிதறிக் கிடக்கின்றார்கள். உங்கள் பாட்டைக் கைத்தொலைபேசியிலே பதிந்து, அதன் கோட்டையும் திரையிலே காட்டி, "ஐயா, இந்த இடம் எப்படி?" என்று ஒரு பேரப்பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வி முன்னாளிலே குருவின் காலடியில் இருந்து கேட்ட கேள்விக்குக் குறைந்ததன்று. விடை சொல்லுங்கள். ஒரு தடவை பாடிக்காட்டுங்கள். அதையும் பதியட்டும். பார்ட்டொக் ஊர் ஊராகச் சென்றபோது அவருக்குப் பாடிக்காட்டிய குடியானவர்கள் பொறியைக் கண்டு அஞ்சி வாய்திறவாமல் இருந்திருந்தால் அந்தப் பாடல்கள் இன்று ஏது?

இளைஞர்களே! உங்களிடம் பொறி இருக்கின்றது. பெரியோர்களிடம் செவி இருக்கின்றது. இவ்விரண்டும் ஒரே அறையிலே ஒன்றாக இருக்கக்கூடிய காலம் நீண்ட காலம் அன்று. மன்றத்தின் சார்பில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நாடாவை எடுங்கள். ஒரு பெரியவரை அழையுங்கள். ஒரு பாட்டை மாத்திரம் எழுதுங்கள். ஆண்டுக்கு ஐம்பது பாட்டுச் சேரும். பார்ட்டொக் நூலில் உள்ளவை 75 என்று சொன்னேன். ஒன்றரை ஆண்டிலே அந்த எண்ணிக்கையை நீங்கள் எட்டிவிடலாம். அடுத்த ஆண்டு மலரிலே முதலாவது பாட்டு, பெரியவர் ஒருவர் கேட்டுத் தலையசைத்த சுரத்தோடு வெளிவரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.